கைக்குழந்தையோட தீவுக்குப் போறீங்களா, முதல்ல டாக்டர் எவ்ளோ தூரம்னு பாருங்க

பாப்பா இப்பதான் தவழ ஆரம்பிச்சிருக்கா, கையில எது கிடைச்சாலும் நேரா வாய்க்குதான் போகுது, இந்த நேரத்துல கடல், மணல், வெயில்னு ஒரு தீவுக்கு போகலாம்னு நானும் அவரும் முடிவு பண்ணிட்டோம். சொன்னதும் பாதி பேர் "இப்ப எதுக்கு, கொஞ்சம் பெருசாகட்டுமே"ன்னாங்க, மீதி பேர் "ஜாலியா போயிட்டு வாங்க"ன்னாங்க, ஆனா எப்படி பிளான் பண்றதுன்னு உருப்படியா சொன்னவங்க ரொம்ப கம்மி. அதனால நாங்களே உட்கார்ந்து தேடி, எங்க குழந்தை டாக்டர்கிட்ட ஒரு பெரிய லிஸ்ட்டோட போய் கேட்டு, ரிசார்ட்டுக்கெல்லாம் மெயில் போட்டு கேட்டுன்னு சேத்து வச்சதை இங்க எழுதுறேன், இதே மாதிரி யோசிச்சிட்டு இருக்கிறவங்களுக்கு உதவும்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரே ஒரு கேள்விதான். ராத்திரி ரெண்டு மணிக்கு குழந்தைக்கு காய்ச்சல் 39 டிகிரிக்கு மேல போகுது, வாந்தியும் எடுக்குது, அந்த நேரத்துல அந்த தீவுல இருந்து ஒரு குழந்தை டாக்டர்கிட்ட எப்படி போவீங்க, எவ்ளோ நேரம் ஆகும்? பீச் அழகா இருக்கா, ரூம் எப்படி இருக்கு, சாப்பாடு எப்படிங்கிறதெல்லாம் இதுக்கு அப்புறம். இந்த கேள்விக்கு தெளிவா பதில் இருக்கிற இடத்தை மட்டும் லிஸ்ட்ல வைங்க, மத்ததை எடுத்துடுங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சுடும்.

மாலத்தீவையே எடுத்துக்கோங்க. கிட்டத்தட்ட 1,200 தீவு, அதுல ஒரு ரிசார்ட்டுக்கு ஒரு தீவுங்கிற கணக்குலதான் பெரும்பாலும் இருக்கு. தலைநகர் மாலே ஏர்போர்ட்ல இறங்கி அங்கேர்ந்து ஸ்பீட் போட், இல்ல உள்ளூர் ஃபிளைட், இல்ல சீ பிளேன் (தண்ணி மேலயே இறங்கி ஏறுற குட்டி விமானம்). இந்த சீ பிளேன் பகல் வெளிச்சத்துல மட்டும்தான் பறக்கும். உங்க ஃபிளைட் சாயங்காலம் வந்து இறங்குச்சுன்னா அன்னிக்கு ராத்திரி மாலே பக்கத்துலயே தங்கிட்டு மறுநாள் காலைலதான் போகணும், கைக்குழந்தையோட அது ஒரு கூடுதல் பேக்கிங், கூடுதல் தூக்கக்கேடு. அதைவிட முக்கியம், ராத்திரில அவசரம்னா அதே சீ பிளேன் உங்களை திருப்பி கூட்டிட்டு வரவும் முடியாது, போட் ஒண்ணுதான் வழி. இதனால மாலத்தீவே வேணாம்னு நான் சொல்லல. மாலே சுத்தியிருக்கிற வடக்கு மாலே, தெற்கு மாலே அட்டால்ல (வளையம் மாதிரி இருக்கிற தீவுக்கூட்டம்) ஸ்பீட் போட்லயே போற தூரத்துல நிறைய ரிசார்ட் இருக்கு, பெரிய ஆஸ்பத்திரியும் மாலேலதான் இருக்கு. அந்த மாதிரி ஒண்ணை பாருங்க, தீவுலயே டாக்டர் தங்கியிருக்காரா, ராத்திரி போட் ரெடியா இருக்குமா, குழந்தை சைஸ்ல லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. போட்ல ஏறினா பின்பக்கமா உட்காருங்க, முன்பக்கம்தான் அலைல தூக்கி தூக்கி போடும்.

தாய்லாந்துல இருக்கிற ஃபூகெட் இந்த விஷயத்துல ரொம்ப வசதி. தீவுன்னாலும் பாலம் இருக்கு, இன்டர்நேஷனல் ஏர்போர்ட் தீவுலயே இருக்கு, பெரிய ஆஸ்பத்திரிகளும் இருக்கு. பாலியும் பெரிய தீவு, தெற்கு பக்கம் தங்கினா ஆஸ்பத்திரிக்கு கார்லயே போயிடலாம், ஆனா அங்கேர்ந்து நூசா பெனிடா, கிலி தீவுன்னு ஃபாஸ்ட் போட்ல போறதை இந்த தடவை விட்டுடுங்கன்னு தான் சொல்வேன், அந்த கடல்ல அலை ஜாஸ்தி, குழந்தையை மடில வச்சுக்கிட்டு அந்த குலுக்கலுக்கு போக வேணாம்.

நாங்க கடைசியா மொரிஷியஸ்னு முடிவு பண்ணோம். ஒரே தீவு, ஏர்போர்ட்ல இறங்கினா கார், கார்ல இருந்து ரூம், நடுவுல படகும் இல்ல இன்னொரு விமானமும் இல்ல. ஆஸ்பத்திரிக்கும் ரோடு இருக்கு. தீவை சுத்தி பெரும்பாலான இடத்துல பவளப்பாறை அரண் மாதிரி இருக்கிறதால பெரிய அலையெல்லாம் தூரத்துலயே உடைஞ்சுடுது, உள்பக்கம் லகூன்ல தண்ணி அமைதியா ஆழம் கம்மியா இருக்கும். ஆனா பாறைக்கு நடுவுல வெளிக்கடலுக்கு போற வழி இருக்கும், அங்க இழுப்பு ஜாஸ்தி, அந்த பக்கமே போகக்கூடாது. லகூன் தண்ணிக்குள்ள ஸ்டோன்ஃபிஷ் (பார்க்க கல்லு மாதிரியே இருக்கிற, விஷ முள்ளு உள்ள மீன்), முள்ளு முள்ளா கடல் அர்ச்சின் எல்லாம் இருக்கும், அதனால குழந்தையை தூக்கிட்டு தண்ணில நிக்கிற ஆளுக்கு தண்ணில போடுற ஷூ கட்டாயம். கால்ல ஏதாவது குத்துச்சுன்னா நம்ம கைதானே முதல்ல ஆட்டம் காணும்.

சீசன் விஷயத்துக்கு வருவோம். "தீவுன்னா எப்பவும் வெயில்"னு நினைச்சு டிக்கெட் போட்டுடாதீங்க, ஒவ்வொரு தீவுக்கும் ஒரு கணக்கு. மாலத்தீவுல டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் நல்லா காஞ்சு இருக்கும், மே மாசத்துல இருந்து தென்மேற்கு பருவக்காத்து வந்தா மழையும் கடல் கொந்தளிப்பும். பாலிக்கு அப்படியே உல்டா, ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும்தான் மழை கம்மி. தாய்லாந்துல ஒரே நாட்டுக்குள்ளயே ரெண்டு கணக்கு, ஃபூகெட் பக்கம் மே டூ அக்டோபர் கடல் முரட்டுத்தனமா இருக்கும், இன்னொரு பக்கத்துல இருக்கிற சமூயி தீவுக்கு பெரிய மழை அக்டோபர் டூ டிசம்பர். கரீபியன்ல ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும் ஹரிக்கேன் சீசன். மொரிஷியஸ்ல புயல் சீசன் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும், அதுலயும் ஜனவரி டூ மார்ச் தான் மெயின். ஜூலை ஆகஸ்ட்ல அங்க குளிர்காலம், கிழக்கு பக்கம் காத்து பலமா அடிக்கும். நாங்க அக்டோபர்ல போறோம், மேற்கு கரைல ஃபிளிக் அன் ஃபிளாக் பக்கம் தங்குறோம், வெயில் வந்திருக்கும், புயல் சீசன் இன்னும் வந்திருக்காது, அந்த கரை காத்து மறைவா இருக்கும்.

ரூம் செலக்ட் பண்றதுல நான் ரொம்ப நேரம் செலவு பண்ணேன், செலவு பண்ணது நல்லதாப் போச்சு. தண்ணி மேல கட்டியிருக்கிற வில்லா போட்டோ ஒவ்வொண்ணையும் ஜூம் பண்ணி பார்த்தேன். ஒண்ணுல மர டெக், டெக்ல இருந்து நாலு படி, படி நேரா கடலுக்குள்ள இறங்குது, நடுவுல கேட்டே இல்ல. இன்னொண்ணுல சுத்தி கம்பி இருக்கு, ஆனா கம்பிக்கும் தரைக்கும் நடுவுல உள்ள இடைவெளில பாப்பா உருண்டே வெளிய போயிடுவா. தேன்நிலவு ஜோடிக்கு கட்டினது அது, தவழ்ற குழந்தைக்கு இல்ல. சில ரிசார்ட்ல சின்ன குழந்தைங்க இருந்தா அந்த வில்லாவே குடுக்க மாட்டாங்க, அவங்க சொல்றது சரிதான்னு எனக்கு தோணுது. தரைல இருக்கிற ரூமை எடுங்க. ரூமுக்குன்னு தனியா குட்டி ஸ்விம்மிங் பூல் இருந்தா அது வசதி இல்ல, 24 மணி நேரமும் ஒருத்தர் கண்ணு அது மேலயே இருக்கணும், கதவை திறந்து வச்சு துணி காயப்போடக்கூட முடியாது. நாங்க அப்படி இருந்த ரூமையெல்லாம் தள்ளிட்டோம்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. குழந்தை ஏழு மணிக்கு தூங்கிடும், அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் எங்க இருப்பீங்க? ஒரே ரூம்னா லைட்டை அணைச்சுட்டு இருட்டுல குசுகுசுன்னு பேசிக்கிட்டு ஃபோனை பார்த்துக்கிட்டு படுத்திருக்கணும், லீவே அதுலயே போயிடும். அதனால கதவை லேசா சாத்திட்டு வெளிய உட்கார ஒரு வராண்டாவோ பால்கனியோ இருக்கிற ரூம், கிரவுண்ட் ஃப்ளோர்ல கிடைச்சா இன்னும் நல்லது, அதை கேட்டு வாங்குங்க. ரூம் கொஞ்சம் பழசா இருந்தாலும் பரவால்ல, வராண்டா இருக்கணும். எங்களுக்கு இது ரெண்டாவது முக்கியமான விஷயமா ஆயிடுச்சு, டாக்டர் தூரத்துக்கு அடுத்தபடியா.

குழந்தைக்கு கட்டில் குடுப்போம்னு எல்லா ஹோட்டலும் சொல்லும். என்ன மாதிரி கட்டில்னு போட்டோ அனுப்ப சொல்லுங்க. மெத்தை கெட்டியா இருக்கணும், சைடுல இடைவெளி இருக்கக்கூடாது, உள்ள தலகாணி, மெத்துமெத்துன்னு போர்வை, பொம்மை எதுவும் வேணாம். நான் கேட்ட ஒரு இடத்துல இருந்து வந்த போட்டோல கட்டிலுக்குள்ள ரெண்டு தலகாணியும் ஒரு தடிமனான குயில்ட்டும் அழகா அடுக்கி வச்சிருந்தாங்க, அதையெல்லாம் எடுத்துட்டு வெறும் மெத்தையும் டைட்டா ஒரு பெட்ஷீட்டும் போதும்னு திருப்பி எழுதினேன், உடனே சரின்னுட்டாங்க. கேட்டா செய்றாங்க, கேக்கணும் அவ்ளோதான்.

வெயில். இதுல விளையாட்டே வேணாம். வெப்ப மண்டலத்துல மத்தியான நேரம் யூவி இண்டெக்ஸ் (வெயில்ல புறஊதாக் கதிர் எவ்ளோ பலமா இருக்குன்னு சொல்ற அளவு) 11ஐ தாண்டுறது சாதாரணம், மேகம் இருந்தாலும் மெல்லிசா இருந்தா பெரும்பகுதி யூவி கீழ வந்துடும், குடைக்கு அடில உட்கார்ந்தாலும் மணல்லயும் தண்ணிலயும் பட்டு திரும்பி வரும். ஆறு மாசத்துக்கு கீழ உள்ள குழந்தைன்னா நேரடி வெயில்லயே காட்டக்கூடாது, நிழலும் துணியும்தான் முதல் பாதுகாப்பு. ஆறு மாசம் தாண்டினவங்களுக்கு துணி மூடாத இடத்துல சன்ஸ்கிரீன், ஜிங்க் ஆக்சைடு இருக்கிறது சின்ன குழந்தை தோலுக்கு ஒத்துக்கும், எஸ்பிஎஃப் 30 இல்ல அதுக்கு மேல, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும் தண்ணில இருந்து வெளிய வந்ததும் திரும்பவும் போடணும். ஊருக்கு கிளம்புறதுக்கு முன்னாடியே கையில கொஞ்சூண்டு போட்டு அலர்ஜி வருதான்னு பார்த்துடுங்க. முழுக்கை நீச்சல் டிரஸ், பின்கழுத்து மறையிற மாதிரி துணி தொங்குற தொப்பி, இது ரெண்டும் இருந்தா பாதி உடம்புக்கு கிரீமே தேவையில்ல. தொப்பியை இப்பவே தினமும் போட்டு பழக்கிட்டு இருக்கேன், முதல்ல பிடுங்கி எறிஞ்சா, இப்ப தொப்பி போட்டாலே வெளிய போறோம்னு தெரிஞ்சு குதிக்கிறா.

ஸ்ட்ரோலர்ல வெயில் படுதேன்னு மேல துணியை போட்டு மூடுறதை நிறைய பேர் செய்றாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க, உள்ள காத்து ஓட்டம் நின்னு சூடு சட்டுனு ஏறிடும். குட்டி உடம்பு நம்மளை மாதிரி வேர்த்து சூட்டை வெளிய தள்ளாது.

பூமத்திய ரேகை பக்கத்துல இருக்கிற தீவுங்கள்ல வருஷம் முழுக்க ஆறு மணி வாக்குல விடியும், ஆறு மணி வாக்குல இருட்டும், கொஞ்சம் தள்ளியிருக்கிற மொரிஷியஸ்லயும் பெரிய வித்தியாசம் இல்ல. குழந்தைங்களோட கடிகாரமும் கிட்டத்தட்ட அதேதான்! காலைல சீக்கிரம் எழுந்துக்கிற குழந்தை வச்சிருக்கிறவங்களுக்கு இதைவிட தோதான இடம் இருக்காது. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பீச், பத்து மணில இருந்து நாலு மணி வரைக்கும் உள்ள, தூக்கம், சாப்பாடு, விளையாட்டு எல்லாம் ரூம்லயும் நிழல்லயும், நாலு மணிக்கு மேல திரும்ப வெளிய. நாள் ஒண்ணுக்கு ஒரு வேலைதான் வச்சிருக்கோம், ஒரு இடம் பார்க்க போனா அன்னிக்கு வேற எதுவும் கிடையாது.

கொசு விஷயத்துல ஒரு நல்ல செய்தி, மாலத்தீவை 2015லயும் இலங்கையை 2016லயும் மலேரியா இல்லாத நாடுன்னு உலக சுகாதார அமைப்பு அறிவிச்சிடுச்சு. ஆனா டெங்கு அப்படி இல்ல, வெப்ப மண்டல தீவு எதுவா இருந்தாலும் டெங்குவை மனசுல வச்சுக்கிட்டே போகணும், அதை பரப்புற ஏடிஸ் கொசு பகல்லயே கடிக்கும், விடிஞ்சதும் பொழுது சாயறப்பவும் ரொம்ப ஜாஸ்தி. நாம வெயிலுக்கு பயந்து வெளிய வர்ற அதே நேரம்! அதனால கை கால் மூடுற லேசான காட்டன் டிரஸ், ஸ்ட்ரோலருக்கும் கட்டிலுக்கும் கொசுவலை. கொசு விரட்டி கிரீம்ல டீட் (DEET) ங்கிற ரசாயனம் இருக்கிறதை ரெண்டு மாசத்துக்கு கீழ போடக்கூடாது, லெமன் யூக்கலிப்டஸ் எண்ணெய் கலந்தது மூணு வயசுக்கு கீழ வேணாம். இயற்கைன்னு எழுதியிருந்தா சின்ன குழந்தைக்கு சேஃப்னு அர்த்தம் இல்ல. குழந்தையோட உள்ளங்கைல போடவே போடாதீங்க, அது அடுத்த நிமிஷம் வாய்க்குள்ள இருக்கும். சன்ஸ்கிரீன் முதல்ல, அது காஞ்சதும் கொசு கிரீம்.

பால், சாப்பாடு, தண்ணி. தாய்ப்பால் குடிக்கிற குழந்தைன்னா பாதி கவலை விட்டுது, ஆறு மாசத்துக்கு கீழன்னா வெயில் காலத்துலயும் தனியா தண்ணி குடுக்க வேணாம், அடிக்கடி பால் குடுத்தா போதும். ஃபார்முலா குடிக்கிறவங்க அதே பிராண்டு அங்க கிடைக்கும்னு நம்பி போகாதீங்க, முழு ட்ரிப்புக்கும் எடுத்துட்டு மேல கொஞ்சமும் வச்சுக்கோங்க. கொதிக்க வச்ச தண்ணி 70 டிகிரிக்கு கீழ இறங்குறதுக்குள்ள பவுடரை கலந்து அப்புறம் ஆற வைக்கணும், பாட்டில் தண்ணியா இருந்தாலும் அப்படித்தான். கலந்த பாலை அந்த சூட்டுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வச்சிருந்தா கொட்டிடுங்க, மனசு கஷ்டப்படாதீங்க. ரூம்ல கெட்டிலும் ஃபிரிட்ஜும் இருக்கான்னு கேளுங்க, மினி பார்ல சிலது சரியா குளிராது.

ஃபிளைட் பத்தி சுருக்கமா. ரெண்டு வயசுக்குள்ள மடில வச்சுக்கிட்டு போகலாம், ஆனா ட்ரிப்புக்கு நடுவுல ரெண்டு வயசு முடிஞ்சா திரும்பி வர்றப்ப தனி சீட் வாங்கணும். பேசினெட் சீட்டை (முன்னாடி குட்டி தொட்டில் மாட்டுற சீட்) டிக்கெட் போட்ட அன்னிக்கே ஏர்லைனுக்கு ஃபோன் பண்ணி கேளுங்க, எத்தனை கிலோ வரைக்கும்ங்கிறது ஒவ்வொரு ஏர்லைன்லயும் வேற, போற தேதில குழந்தை எவ்ளோ வெயிட் இருக்கும்னு கணக்கு போடணும். காது வலிக்கு பால் குடுக்கிறதுன்னா விமானம் தரையை தொடுறப்ப இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே, இறங்க ஆரம்பிக்கிறப்பவே குடுக்கணும், காது அடைக்கிறதே அந்த நேரத்துலதான். தூங்கிட்டு இருந்தா எழுப்பலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன், சளி இல்லைன்னா தூங்கட்டும்னார். குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேணும், ஆறு மாசம் வேலிடிட்டி நிறைய நாடு கேக்குது. அம்மா மட்டுமோ அப்பா மட்டுமோ கூட்டிட்டு போனா இன்னொருத்தர் சம்மதக் கடிதம் கையில இருக்கட்டும்.

டாக்டரை ஒரு மாசத்துக்கு முன்னாடியே பார்த்துடுங்க. தட்டம்மை தடுப்பூசியை வெளிநாடு போறவங்களுக்கு ஆறு மாசத்துலயே ஒரு டோஸ் கூடுதலா போடுறது உண்டு, உங்க குழந்தைக்கு வேணுமான்னு கேளுங்க. காய்ச்சல் மருந்து வயசுக்கு இல்ல வெயிட்டுக்கு, எத்தனை மில்லின்னு எழுதி வாங்கி மருந்து பெட்டி மூடில ஒட்டிட்டேன், ராத்திரி தூக்கக் கலக்கத்துல கணக்கு போடக்கூடாதுன்னு. கூடவே தெர்மாமீட்டர், ஓஆர்எஸ் பாக்கெட், மூக்குக்கு சலைன் சொட்டு, டயப்பர் ராஷ் கிரீம். ஆறு எட்டு மணி நேரமா டயப்பர் நனையல, அழுதா கண்ணீர் வரல, உச்சிக்குழி உள்ள போயிருக்கு, இதுல ஒண்ணு இருந்தாலும் காத்திருக்காம கிளம்புங்கன்னு சொன்னார். டிராவல் இன்ஷூரன்ஸ்ல குழந்தை பேரும் சேத்து, வேற ஊர் ஆஸ்பத்திரிக்கு மாத்துற செலவு உள்ள வருதான்னு படிச்சு பாருங்க.

ஸ்விம் டயப்பர் பத்தி கேக்குறாங்க, அது மோஷனை மட்டும்தான் கொஞ்சம் பிடிச்சு வைக்கும், யூரினை பிடிக்காது, அதனால ரூம்ல இருந்தே போட்டுட்டு கிளம்பாதீங்க, தண்ணி பக்கத்துல போய் மாத்திக்கோங்க. தண்ணில கொஞ்ச நேரம் போதும், கடல் தண்ணி நமக்கு இதமா இருந்தாலும் குட்டி உடம்பு சீக்கிரம் சூட்டை இழந்துடும், உதடு நிறம் மாறினாலோ நடுங்கினாலோ உடனே வெளிய தூக்கி துடைச்சு நிழல்ல அணைச்சு வச்சுக்கணும்.

எங்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது கார் சீட்தான். ஏர்போர்ட்ல இருந்து போற டாக்ஸில கார் சீட் இருக்கும்னு வாய் வார்த்தையா சொல்றாங்க, பின்பக்கம் பார்த்து மாட்டுறதா, எத்தனை கிலோ வரைக்கும்னு கேட்டு எழுதியிருக்கேன். பதில்ல போட்டோ வரலைன்னா வீட்டுல இருக்கிறதையே கழட்டி கொண்டு போயிடலாம்னு அவர் சொல்லிட்டார், நிறைய ஏர்லைன் அதை செக்-இன்ல சும்மாவே எடுத்துக்கிறாங்க, எங்களோடதுலயும் அப்படித்தானான்னு நாளைக்கு ஃபோன் பண்ணி கேட்டுடணும்.